அத்தை ஊர் விமானம்

குடும்பத்தோடு காரில் ஊர் சுற்றக் கிளம்பும் குடும்பத் தலைவனுக்கு மூன்று அதிகாரங்கள் உண்டு. பெட்ரோல் போடலாம், டயருக்குக் காற்றுப் பிடிக்கலாம், வழி தவறினால் பொறுப்பேற்றுக்கொள்ளலாம். எங்கே போவது, எங்கே நிற்பது, எந்த ஓட்டலில் சாப்பிடுவது, ஏ.சி.யை எதில் வைப்பது போன்ற கொள்கை முடிவுகளைக் குடும்ப சபை எடுக்கும். அந்தச் சபையில் எனக்கு ஓட்டு கிடையாது. வண்டியை ஓட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு விசாகப்பட்டினம் போவது என்று சபை தீர்மானித்தது. மனைவிக்குச் சிம்மாசலம் நரசிம்மரிடம் பழைய வேண்டுதல் பாக்கி ஒன்று இருந்தது. மாமியாருக்கு அன்னவரம் சத்தியநாராயணர். காலேஜ் படிக்கும் மகளுக்கு அரக்குப் பள்ளத்தாக்கு. சரியாகச் சொன்னால், அரக்குப் பள்ளத்தாக்கை மறைத்துக்கொண்டு தான் நிற்கும் போட்டோ. ஒன்பதாவது படிக்கும் மகனுக்குப் போரா குகை. ஆளுக்கொன்று கேட்டார்கள், கிடைத்தது. அந்தத் தைரியத்தில் நானும் ஒன்று கேட்டேன்.

“பீச் ரோட்டுல ஒரு விமான மியூசியம் இருக்கு. போற வழிதான்.”

சபையில் அமைதி நிலவியது. ‘போற வழிதான்’ என்று சொல்லி நான் அழைத்துப்போன இடங்களின் பட்டியல் என் மனைவிக்கு மனப்பாடம்.

“மீனம்பாக்கத்துல பார்க்காத ப்ளேனா?” என்றாள்.

“அது ஆளேத்திப் போற ப்ளேன். இது கடற்படை ப்ளேன். டியூ-142.”

“இது பேரா, பஸ் நம்பரா?” என்றாள் மகள்.

“உள்ளே ஏறிப் பார்க்கலாமாப்பா?” என்றான் மகன். பார்க்கலாம் என்றேன். ஒரு ஓட்டு விழுந்தது. அத்தை எதுவும் சொல்லவில்லை. அன்னவரத்துப் பிரசாதம் தொன்னையில் தருவார்களா, இலையில் கட்டித் தருவார்களா என்ற யோசனையில் இருந்தார்.

கடைசியில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு போர்டையும் சத்தம் போட்டுப் படிக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களுக்கு விளக்கம் சொல்லக் கூடாது. முந்தைய மியூசியங்களில் நடந்தவற்றை வைத்து வரையப்பட்ட ஷரத்துகள் அவை. மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

ஆகவே அந்த விமானத்தைப் பற்றி இங்கே வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்ல விடவில்லை.

டியூ-142 என்பது சோவியத் யூனியனின் டுபலேவ் நிறுவனம் செய்த விமானம். டியூ-95 என்ற குண்டுவீச்சு விமானத்தின் வாரிசு. ஆனால் இதற்குக் கொடுத்த வேலை வேறு. கடலுக்கு மேலே மணிக்கணக்காகப் பறந்து, அடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பது. நீளம் 53 மீட்டர். இறக்கையின் முனையிலிருந்து முனைக்கு 50 மீட்டர். நாலு இன்ஜின், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைசக்தி. ஒரு தடவை எண்ணெய் நிரப்பினால் 12,000 கிலோமீட்டர் பறக்கும். காற்றாடி வைத்துப் பறக்கும் விமானங்களில் வேகம் அதிகமானது என்று பெயர் எடுத்தது. நம் கடற்படை இதில் எட்டு வாங்கியது. 1988-இல் கோவாவுக்கு வந்து இறங்கின. 1992-இல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம் திறக்கப்பட்ட பிறகு அங்கே குடிபெயர்ந்தன. 2017 மார்ச் 29-ஆம் தேதி அங்கேயே பணி ஓய்வும் பெற்றன. அவற்றில் ஒன்றுதான் இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கிறது.

இதில் ‘அரக்கோணம்’ என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். என் மாமியார் ஊர் அரக்கோணம்.

இதை மட்டும் நான் சபையில் சொல்லவில்லை. பத்திரமாக வைத்திருந்தேன். விமானத்தின் முன்னால் எல்லோரையும் நிறுத்திவைத்து, “அத்தை, இது எந்த ஊர் விமானம் சொல்லுங்க பார்ப்போம்?” என்று கேட்பது. அவர் முழிப்பார். நான் சற்று நேரம் விட்டு, “அரக்கோணம்!” என்பேன். அவர் மூக்கில் விரல் வைப்பார். ‘மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் உண்டா’ என்பார். மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த ஒரு காட்சிக்காக 800 கிலோமீட்டர் ஓட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. குளியலறையில் ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போகும் பதினாறாம் எண் தேசிய நெடுஞ்சாலை அருமையான ரோடு. வண்டி ஓட்ட விட்டார்களானால் இன்னும் அருமையாக இருக்கும். சூலூர்பேட்டை தாண்டியதும் மகளுக்குப் பாத்ரூம். நெல்லூரில் அத்தைக்குக் காபி. ஓங்கோலில் மகனுக்குப் பசி; காரணம், நெல்லூரில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். 12,000 கிலோமீட்டர் நிற்காமல் போகும் ஒரு வாகனத்தைப் பார்க்க, நூறு கிலோமீட்டர் சேர்ந்தாற்போல் போகாத ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது.

டோல்கேட் வரும்போதெல்லாம் பணம் தானாகக் கழியும். செய்தி மனைவியின் போனுக்கு வரும். வண்டியைப் பதியும்போது யாருடைய நம்பரைக் கொடுத்தோம் என்பதில் ஒரு மனிதனின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. டிங் என்று சத்தம் கேட்கும். அவள் தொகையைப் படிப்பாள். படித்துவிட்டு, “மியூசியத்துல டிக்கெட் எவ்வளவு?” என்று கேட்பாள். டோலுக்கும் மியூசியத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அடுத்த டோலில் பழைய டோல்களையும் கூட்டிச் சொன்னாள்.

ராஜமகேந்திரவரத்தில் இரவுத் தங்கல். தாபேஸ்வரம் காஜா இரண்டு பெட்டி வாங்கினோம். சர்க்கரை நோய்க்காரன் என்ற முறையில் அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரும் உரிமை எனக்குக் கிடைத்தது. மறுநாள் அன்னவரம், பிறகு சிம்மாசலம். வருஷத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் சந்தனக் காப்புக்குள்ளேயே இருக்கும் நரசிம்மரிடம் வேண்டுதல் பாக்கியைத் தீர்த்தோம். மனைவி வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். புதிய வேண்டுதல் ஏதோ ஏறிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. இவற்றையெல்லாம் பக்திக் கட்டுரை எழுதுபவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் ராமகிருஷ்ணா பீச்சுக்கு வந்து சேர்ந்தோம். வண்டியை ஓரங்கட்டினேன். குளியலறை ஒத்திகையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்த அத்தை, அண்ணாந்து பார்த்து உரக்கச் சொன்னார்:

“அட, நம்ம நாலு காத்தாடி!”

எனக்குப் பேச்சு வரவில்லை. அத்தை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். “ஏய், இங்க பாருடி, நம்ம ஊரு ப்ளேனு! நம்ம வீட்டு மேல போகுமே! வடாம் காயப்போட்டா அந்த நேரம் பார்த்து வருமே, அதேதான்டி!” என்று மகளைக் கூப்பிட்டார். என் மனைவியும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஆமாம்மா!” என்று கூவினாள். அம்மாவும் மகளும் பெண் கொடுத்த சம்பந்தி வீட்டைக் கண்டதைப்போல அதை நோக்கி விரைந்தார்கள். நான் பின்னால், “அத்தை, இது எந்த ஊர்…” என்று ஆரம்பித்த வாக்கியத்தோடு கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் கவுன்ட்டரில் முதல் தகராறு. “நம்ம ஊரு ப்ளேனைப் பார்க்க நம்மகிட்டயே காசா?” என்று அத்தை தமிழில் கேட்டார். கவுன்ட்டரில் இருந்தவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். இருவருக்கும் அது நல்லதாகப் போயிற்று. நான் நடுவில் கையை விட்டுப் பணத்தைக் கொடுத்தேன். அந்த வகையில் என் மூன்று அதிகாரங்களோடு நான்காவதாக ஒன்று சேர்ந்தது.

டிக்கெட் கிழிந்த உடனே, இந்தக் கட்டுரைக்கு ஆதாரமான பேருண்மை எனக்குப் புலப்பட்டது. காசு கொடுக்காத எதையும் நாம் பார்ப்பதில்லை. 1992-லிருந்து 2017 வரை 25 வருஷம் இந்த விமானங்கள் அரக்கோணத்து மொட்டை மாடிகளுக்கு மேலே இலவசமாகப் பறந்தன. மாமியார் வீட்டுக்குப் போன நாட்களில் நானும் அந்த மாடியில் இருந்திருக்கிறேன். சத்தம் வரும்போது காதைப் பொத்திக்கொண்டு பேப்பரைப் படித்தேனே ஒழிய, தலையைத் தூக்கிப் பார்த்ததாக நினைவில்லை. இன்றைக்கு 800 கிலோமீட்டர் ஓட்டி, டோல் கட்டி, டிக்கெட் வாங்கி, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது.

மகன் கணக்கில் புலி. “பாட்டி, வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு வெச்சுக்கிட்டாலே 25 வருஷத்துல 2,600 டிக்கெட் காசு உங்களுக்கு மிச்சம்” என்றான். அத்தை மகிழ்ந்துபோய் அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்பதை எழுத வேண்டியதில்லை.

உள்ளே போனால் ஒரு கண்காட்சிக் கூடம். விமானத்திலிருந்து இறக்கிய இன்ஜின், காற்றாடி, விமானிகளின் உயிர்காப்புச் சாதனங்கள் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். நான் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, போர்டுகளை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தேன். “உதடு அசையுது” என்றாள் மனைவி.

காற்றாடியின் முன்னால் எனக்கு நல்ல காலம் பிறந்தது. அத்தை நாலு காத்தாடி என்று சொல்லிக்கொண்டே வந்தார் அல்லவா? அது நாலு அல்ல, எட்டு. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காற்றாடிகள். ஒவ்வொன்றிலும் நாலு தகடு. முன்னது ஒரு திசையில் சுற்றினால் பின்னது எதிர்த் திசையில் சுற்றும். குறுக்களவு ஐந்தரை மீட்டருக்கு மேல். 15,000 குதிரைசக்தியை ஒரே காற்றாடியால் வாங்கிக்கொள்ள முடியாது. தவிர, முன் காற்றாடி தள்ளும் காற்று திருகிக்கொண்டு போகும். அந்தத் திருகலில் போகிற சக்தி வீண். பின்னதை எதிராகச் சுற்றவிட்டால் திருகல் நேராகி, வீணாக வேண்டியதும் உந்து விசையாகிவிடும். காற்றாடி விமானம் ஒன்று ஜெட் விமானத்தோடு போட்டி போடும் வேகத்தில் போனதன் ரகசியம் இதுதான்.

இவ்வளவையும் நான் மெதுவான குரலில், நிபந்தனையை மீறாமல், அத்தைக்கு மட்டும் சொன்னேன். அவர் கிட்டே போனார். முன் தகடுகளை விரல் விட்டு எண்ணினார். பின்னால் சுற்றிப் போய், பின் தகடுகளையும் எண்ணினார். நெருக்கமாக இரண்டு அடுக்கு. எதிரெதிராகச் சாய்ந்த தகடுகள். கீழே நின்று பார்த்தவருக்கு அது ஒரே வட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

“எட்டா!” என்றார். “இத்தனை வருஷம் நாலுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!”

ஆஹா, கேட்கக் காதினிக்கும் வார்த்தைகள். வெற்றிப் புன்னகையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அத்தை அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்.

“அதான் அந்தச் சத்தம். முன்னாடி இருக்கறது கிளப்பி விடற காத்து பின்னாடி இருக்கறதுல போயி மோதுது. மோதினா அலறாதா?”

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது சரி. எதிரெதிர்க் காற்றாடிகள் சத்தம் போடுவதற்குப் பொறியாளர்கள் சொல்லும் முக்கியமான காரணம் அதுவேதான். உலகத்தின் ஆக அதிக இரைச்சல் போடும் விமானங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது இந்தக் குடும்பம். படித்துத் தெரிந்துகொண்ட என்னை, கேட்டுத் தெரிந்துகொண்டவர் ஒரே மூச்சில் தாண்டிப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற ஒரு தெலுங்குக் குடும்பத்துக்குக் கையால் சைகை காட்டி விளக்கவும் ஆரம்பித்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்ற ஷரத்து எனக்கு மட்டும்தானாம்.

சத்தம் என்றதும் அவருக்குப் பழைய ஞாபகங்கள் வந்துவிட்டன. காலையில் அது கிளம்பினால் அலமாரியில் ஸ்டீல் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுமாம். டி.வி. சீரியலில் வில்லி விஷம் வைக்கப் போகும் நேரம் பார்த்து வருமாம். வைத்தாளா இல்லையா என்பது மறுநாள்தான் தெரியுமாம். “இப்ப வந்திருக்கே போயிங்கு, அதுக்கு வாயே இல்ல. எப்ப வருது, எப்ப போகுதுன்னே தெரியல. அதெல்லாம் ஒரு ப்ளேனா?” என்றார். அவர் சொன்னது பி-8ஐ. அரக்கோணத்துக்கு 2013-இல் வந்து, இந்த விமானத்தின் வேலையை எடுத்துக்கொண்ட ஜெட். பழைய மருமகளைத் திட்டித் தீர்த்தவர்கள் புது மருமகள் வந்த பிறகு பழையவளைப் புகழ்வது நம் குடும்பங்களில் நடப்பதுதானே.

“உங்க கல்யாணத்தன்னிக்குக்கூட வந்துச்சே மாப்ளே, ஞாபகம் இல்ல?”

எப்படி மறக்கும்! கல்யாணம் அரக்கோணத்தில். தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் அது மண்டபத்துக்கு மேலே வந்தது. கெட்டிமேளம் கேட்கவில்லை. சாஸ்திரிகளின் வாய் மட்டும் அசைந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு என்னென்ன உறுதிமொழி கொடுத்தேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என் மனைவிக்கு ஒரு வரி விடாமல் தெரியும்.

அடுத்து, நீளக் குழாய்கள் சில. சோனோபாய் என்று பெயர். இவற்றை விமானத்திலிருந்து கடலில் போடுவார்கள். தண்ணீரைத் தொட்டதும் ஒரு பகுதி மேலே மிதக்கும்; கம்பியில் தொங்கியபடி ஒரு செவி ஆழத்துக்கு இறங்கும். நீர்மூழ்கியின் காற்றாடிச் சத்தம் கேட்டால், மேலே மிதப்பது அதை ரேடியோவில் விமானத்துக்கு அனுப்பிவிடும். இதில் இரண்டு ஜாதி. ஒன்று, வாயைத் திறக்காமல் காது கொடுத்துக் கேட்பது. இன்னொன்று, தானே ஓர் ஒலியை அனுப்பி, அது எதன்மேல் பட்டுத் திரும்புகிறது என்று பார்ப்பது. நாலைந்தை அங்கங்கே போட்டு வைத்தால் எதிராளி எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் நகர்கிறான் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

இதைப் படித்தபோது எனக்கு ரஷ்ய விஞ்ஞானிகள்மேல் இருந்த வியப்பு போய்விட்டது. இந்த ஏற்பாடு எங்கள் வீட்டில் வெகுகாலமாக இருக்கிறது. ஹாலில் படிப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் மகன் ஒரு மிதவை. பால்கனியில் போன் பேசும் மகள் இன்னொன்று. சாமி அறையில் அத்தை. நான் எவ்வளவு ஆழத்தில் நகர்ந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும், அந்த ரப்பர் விடுபடும் ‘ப்ச்’ என்ற சத்தம் சமையற்கட்டுக்குத் தகவலாகப் போய்விடும். சில நாள் சத்தமே இருக்காது. அப்போது இரண்டாம் ஜாதி. “என்னங்க, எங்க இருக்கீங்க?” என்று ஒரு குரல் மட்டும் வரும். ‘இங்கதான்’ என்று பதில் சொன்னால் இடம் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இனிப்பு டப்பாவின் பக்கத்தில் இருப்பது தெரிந்துவிடும். அந்தத் தொழில்நுட்பத்திலிருந்து தப்பிய நீர்மூழ்கிகள் உண்டு. இதிலிருந்து நான் தப்பியதில்லை.

படியேறி விமானத்துக்குள் போனோம். வெளியே பார்க்க அவ்வளவு பிரம்மாண்டமாக இருப்பது உள்ளே ஒரு சந்து. இரண்டு பக்கமும் கருவிகள், மீட்டர்கள், முடிச்சு முடிச்சாக வயர்கள், நடுவில் மிஞ்சிய இடத்தில் மனிதர்கள். பத்துப் பேருக்கு மேல் இதற்குள் உட்கார்ந்து பத்து மணி நேரத்துக்கும் மேல் கடலைச் சுற்றி வந்திருக்கிறார்கள். முன்னால் போன மகள் ஒருக்களித்துத் தாண்டிவிட்டாள். மகன் குனிந்து போய்விட்டான். நான் ஓரிடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நகர வேண்டியிருந்தது. பின்னால் வரிசை தேங்கியது. “சோவியத் நாட்டுல அரிசிச் சாதம் கிடையாதுங்க” என்றாள் மனைவி, எனக்குப் பின்னால் நின்றவர்களிடம் விளக்கமாக.

“மைலேஜ் எவ்வளவுப்பா?” என்றான் மகன்.

“இதுக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேட்கக் கூடாது. கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு கேட்கணும்.”

“நம்ம வண்டியும் அப்படித்தானே ஆகிட்டு வருது” என்றாள் மனைவி. வாலில் பீரங்கி இருக்கும் விஷயத்தைச் சொன்னேன். பின்னால் துரத்தி வரும் விமானத்தைச் சுடுவதற்கு. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பதினாறாம் எண் நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து ஹாரன் அடித்த லாரிகளை நினைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

உற்சாகத்தில் நான் ஒரு தகவலை அவிழ்த்துவிட்டேன். “29 வருஷ சர்வீஸ். ஏறக்குறைய 30,000 மணி நேரம் பறந்திருக்காங்க. ஒரு விபத்துகூட இல்ல!”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு விளைவு தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து விட்டதைத் திரும்ப வாங்க முடியுமா? “அவங்க கடல் மேல ஓட்டினாங்க, ஒண்ணும் ஆகல. நீங்க வீட்டு கேட்டுக்குள்ள வண்டியை விடறதுக்குள்ள ரெண்டு தூணையும் பார்த்துட்டீங்க” என்றாள் மனைவி. அந்தச் சந்தில் ஓடி ஒளியவும் இடமில்லை.

இந்த விமானம் கடற்கரைக்கு வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். 2017 ஏப்ரலில் அரக்கோணத்திலிருந்து பறந்து விசாகப்பட்டினம் விமான நிலையத்தில் இறங்கியது. அதன் கடைசிப் பறத்தல் அதுதான். பிறகு இறக்கை வேறு, உடல் வேறாகக் கழற்றி, லாரியில் ஏற்றி, ஊருக்குள் கொண்டுவந்து, மறுபடி பூட்டினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 7-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். 50 மீட்டர் இறக்கையைக் கழற்றி மாட்டியவர்களுக்கு என் வணக்கம். பழுதுபார்க்கிறேன் என்று நான் மிக்ஸியைக் கழற்றிப் பூட்டியதில் மிஞ்சிய நாலு திருகாணிகள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. மிக்ஸி ஓடுகிறது; யாரும் பக்கத்தில் போவதில்லை.

ஒரு மணி நேரம் என்று அனுமதித்த மனைவி இரண்டு மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. அத்தை எந்தக் கருவியையும் விடுவதாக இல்லை. எனக்கோ பசி. சத்தமில்லாமல் நழுவி ரோட்டுக்கு வந்தேன். இந்தப் பக்கம் நீர்மூழ்கிகளைத் தேடும் விமானம். எதிர்ப்பக்கம் மணலில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நிஜ நீர்மூழ்கி. 1969-இல் சேவைக்கு வந்து, 1971 போரில் பங்கேற்று, 2001-இல் ஓய்வு பெற்று, 2002-லிருந்து மியூசியமாக இருக்கிறது. 91 மீட்டர் நீளம். தேடுகிறவனும் ஒளிகிறவனும் சர்வீஸ் முழுக்கச் செய்த வேலையை விட்டுவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு எதிரெதிர் வீட்டில் இருக்கிறார்கள். நடுவில் மிளகாய் பஜ்ஜி வண்டி.

ஆந்திர மிளகாய் பஜ்ஜி என்பது, மிளகாயைப் பிளந்து, உள்ளே புளிக் கரைசலோ ஓமமோ தடவி, கடலை மாவில் தோய்த்துப் பொரித்து, மறுபடி பிளந்து வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் வைத்துத் தருவது. முதல் கடியை எடுத்துக் கண்ணை மூடினேன்.

“என்னங்க, எங்க இருக்கீங்க?”

போன் அல்ல. நேரில், இரண்டடி தூரத்தில். பக்கத்தில் மகன், மகள், அத்தை. நாலு பக்கமும் மிதவை. 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சியைப் பிடிக்க வந்த கூலிப்படை கப்பலில் தப்பி ஓடியபோது, அந்தக் கப்பலை விடாமல் பின்தொடர்ந்த கடற்படை விமானங்களில் டியூ-142-வும் இருந்தது. கடல் நடுவே அகப்பட்ட அந்தக் கூலிப்படையின் மனநிலை எனக்குப் புரிந்தது. எண்ணெயில் பொரித்த சாட்சி கையில் இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை போனில்தான். அரக்கோணத்துத் தங்கை, பக்கத்து வீடு, எதிர் வீடு. “நம்ம ப்ளேனை இங்க ராஜா மாதிரி வெச்சிருக்காங்கடி. நாலு இல்லடி, எட்டு! மாப்பிள்ளை பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியல. நான்தான் எல்லாம் வெளங்கச் சொன்னேன்.” பின்சீட்டில் காஜாப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் மிதவை போடத் தெரியும். ஆனால் எனக்கு வந்த தகவலை வைத்து நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நெல்லூருக்கு இந்தப் பக்கம் வந்ததும், என் பேருண்மையைக் குடும்பத்தார் முன் வைத்தேன். தினமும் கண்ணெதிரே இருப்பதை யாரும் மதிப்பதில்லை. கயிறு கட்டி, டிக்கெட் போட்டால்தான் வரிசையில் நின்று பார்க்கிறார்கள் என்றேன். “அதனால, ஹால்ல என் ஈஸிசேரைச் சுத்தி ஒரு கயிறு கட்டிடலாம்னு இருக்கேன். பெரியவங்களுக்கு ஐம்பது ரூபா, சிறுவர்களுக்குப் பாதி. அப்பவாவது என்னை யாராவது பார்ப்பீங்க இல்ல?”

டிங் என்றது. மனைவி டோல் தொகையைப் படித்துவிட்டுச் சொன்னாள்:

“தாராளமா கட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி சர்வீஸ்லேர்ந்து ஓய்வு குடுத்திருக்கணும். காலையில பால் கார்டு வாங்கிட்டு வர வேண்டியது இருக்கு. கியாஸ் புக் பண்ணணும். அதெல்லாம் முடிச்சுட்டு வந்து உட்காருங்க, பார்க்கறோம்.”